புதிய ஜுல்பா: பாரசீகப் பேரரசில் ஆர்மீனியர் தன்னாட்சியும் சென்னைத் தொடர்பும்

புதிய ஜுல்பா என்பது ஈரான் நாட்டின் இஸ்பஹான் நகரில், ஜாயந்தே ஆற்றின் தென்கரையில் உள்ள ஆர்மீனியக் கிறித்தவர் குடியிருப்பு ஆகும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சஃபாவியப் பேரரசர் முதலாம் ஷா அப்பாஸ் இதை ஏற்படுத்தினார். இஸ்லாமியப் பேரரசு ஒன்றின் தலைநகரை ஒட்டியே கிறித்தவர்கள் தங்களுக்கென ஊர்த்தலைவர், தெருத்தலைவர், வணிகர் அவை, தேவாலயம், அச்சகம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள் என்பதால், சிறுபான்மைத் தன்னாட்சியின் வரலாற்றில் இவ்வூருக்குத் தனி இடம் உண்டு.

தமிழ்நாட்டுக்கும் இவ்வூருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் முதல் பாலத்தைக் கட்டியவரும், பரங்கிமலைக்குப் படி அமைத்தவரும் புதிய ஜுல்பாவில் பிறந்தவரே. ஆர்மீனிய மக்களுக்கென எழுதப்பட்ட முதல் அரசியலமைப்பு நூலும், உலகின் முதல் ஆர்மீனிய இதழும் சென்னையில்தான் அச்சாயின. மன்னர் தரும் சலுகையாக வாழ்ந்த ஒரு சமூகம், சட்டம் தரும் உரிமையைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கிய இடம் சென்னை என்று சொல்லலாம்.

பின்னணி: இஸ்லாமியப் பேரரசுகளில் சமயச் சிறுபான்மையினர்

இஸ்லாமியச் சட்ட மரபில், முஸ்லிம் ஆட்சியின்கீழ் வாழும் கிறித்தவர், யூதர் முதலியோர் 'திம்மிகள்' எனப்பட்டனர். பாதுகாப்பு உறுதி பெற்றவர்கள் என்பது இதன் பொருள். அவர்கள் 'ஜிஸ்யா' என்னும் தலைவரியைச் செலுத்தவேண்டும். அதற்கு ஈடாக உயிர், உடைமை, வழிபாடு ஆகியவற்றுக்கு அரசு பொறுப்பேற்கும். திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை போன்றவற்றை அவரவர் சமயச் சட்டப்படி தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளலாம். அதே நேரத்தில் அவர்கள் முஸ்லிம்களுக்குச் சமமானவர்களாகக் கருதப்படவில்லை. புதிய வழிபாட்டிடம் கட்டுவதற்கும், முஸ்லிமுக்கு எதிராகச் சாட்சி சொல்வதற்கும் தடைகள் இருந்தன. இந்த விதிகள் எவ்வளவு கடுமையாக நடைமுறைக்கு வந்தன என்பது ஆட்சியாளரைப் பொறுத்து மாறியது. இந்தியாவில் அக்பர் 1564-இல் ஜிஸ்யாவை நீக்கியதும், ஔரங்கசீப் 1679-இல் அதை மீண்டும் விதித்ததும் இதற்கு நாம் அறிந்த எடுத்துக்காட்டு.

இந்த ஏற்பாட்டின் புகழ்பெற்ற வடிவம் உதுமானியப் பேரரசின் 'மில்லத்' முறை. மில்லத் என்ற சொல் தமிழருக்குப் புதிதன்று. 'காயிதே மில்லத்' என்பதில் வரும் மில்லத் இதுதான். சமூகம், சமுதாயம் என்று பொருள். இரண்டாம் மெஹ்மத் 1453-இல் கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றி, அடுத்த ஆண்டில் ஜென்னாதியோஸ் என்ற துறவியைக் கிரேக்கத் திருச்சபையின் தலைவராக அமர்த்தினார். ஆர்மீனியருக்கும் யூதருக்கும் இவ்வாறே தலைவர்கள் ஏற்கப்பட்டனர். சமூகத்தின் உள்விவகாரங்களை நடத்துவதும், வரி ஒழுங்காக வந்து சேர்வதற்கும் மக்கள் அடங்கி நடப்பதற்கும் சுல்தானிடம் பதில் சொல்வதும் அத்தலைவரின் வேலை. தொடக்கத்தில் இது ஊருக்கு ஊர் வேறுபட்ட ஏற்பாடாகவே இருந்தது. பேரரசு முழுவதற்குமான ஒரே அமைப்பாக 'மில்லத் முறை' உருப்பெற்றது 19-ஆம் நூற்றாண்டில்தான் என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

உதுமானியருக்குக் கிழக்கே ஈரானை ஆண்ட சஃபாவியர்கள் ஷியா முஸ்லிம்கள். அவர்கள் ஆட்சியில் சிறுபான்மையினர் பெற்ற மிக விரிந்த தன்னாட்சி புதிய ஜுல்பாவில் அமைந்தது.

புதிய ஜுல்பாவின் தோற்றம்

பழைய ஜுல்பா என்பது அராஸ் ஆற்றங்கரையில், இன்றைய நக்சிவான் பகுதியில் இருந்த ஆர்மீனிய வணிக ஊர். ஈரானியப் பட்டை மேற்கு நாடுகளுக்குக் கொண்டுசென்று விற்பது அவ்வூராரின் தொழில். உதுமானியருக்கும் சஃபாவியருக்கும் நடந்த போரில் இப்பகுதி சிக்கியது. எதிரிப் படைக்கு உணவும் தங்குமிடமும் கிடைக்கக் கூடாது என்பதற்காக, 1604-1605-இல் ஷா அப்பாஸ் அப்பகுதி மக்களை வெளியேற்றி ஊர்களை எரிக்கச் செய்தார். அராஸ் ஆற்றைக் கடக்கும்போதும், அதன்பின் வந்த குளிர்காலத்திலும் ஏராளமானோர் இறந்தனர்.

ஜுல்பா வணிகர்களை மட்டும் மன்னர் தனியாக நடத்தினார். தலைநகர் இஸ்பஹானை அடுத்து அவர்களுக்கு நிலம் ஒதுக்கினார். 1619-ஆம் ஆண்டு ஆணை ஒன்றின் மூலம் அந்த நிலம் அவர்களுக்கே வழங்கப்பட்டது. பழைய ஊரின் நினைவாக அதற்குப் புதிய ஜுல்பா என்று பெயர் வந்தது.

மன்னரின் நோக்கம் வெறும் இரக்கமன்று. ஈரானின் பெரும் வருவாய் பட்டிலிருந்து வந்தது. அதை ஐரோப்பாவரை கொண்டுசெல்லும் அறிவும் தொடர்பும் இந்த வணிகர்களிடம் இருந்தன. உள்நாட்டுப் பிரபுக்களைப் போல இவர்கள் படை திரட்டி அரியணைக்குப் போட்டியிடவும் மாட்டார்கள். ஊரைவிட்டுப் பெயர்த்தெடுத்ததும் தனியுரிமை தந்து வாழவைத்ததும் ஒரே கை என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். பிற்காலத்தில் நடந்தவற்றுக்கு விளக்கம் இதில்தான் இருக்கிறது.

ஊர் நிர்வாகம்

புதிய ஜுல்பாவின் தலைவர் 'கலாந்தர்' எனப்பட்டார். செல்வமிக்க ஆர்மீனிய வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவரே இப்பதவியில் அமர்ந்தார். முதல் கலாந்தர்களில் கோஜா சஃபரும் அவருக்குப் பின் வந்த கோஜா நாசரும் பெயர் பெற்றவர்கள். 'கோஜா' என்பது பெருவணிகருக்குரிய மரியாதைப் பட்டம். வரியை வசூலித்து அரசுக்குக் கட்டுவது, வழக்குகளைத் தீர்ப்பது, அரசவையில் சமூகத்தின் சார்பில் பேசுவது ஆகியவை கலாந்தரின் பொறுப்புகள்.

ஊர் பல பகுதிகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தலைவர் இருந்தார். நம் ஊர்களில் இருந்த நாட்டாண்மைக்காரருக்கும் மணியக்காரருக்கும் இவர்களை ஒப்பிடலாம். கலாந்தரும் இந்தப் பகுதித் தலைவர்களும் முதன்மை வணிகர்களும் சேர்ந்ததே 'வணிகர் அவை'. கடன், கூட்டு, பங்கு, கணக்கு ஆகியவை பற்றிய வழக்குகளை இந்த அவை விசாரித்துத் தீர்ப்பளித்தது. பத்திரங்களுக்கு முத்திரையிட்டுச் சான்றளித்தது.

சமயக் காரியங்கள் ஆயரின் பொறுப்பு. வாங்க் பேராலயம் அவரது இருப்பிடம். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்த ஆலயம், 1655 முதல் 1664 வரை இப்போதுள்ள வடிவில் திருப்பிக் கட்டப்பட்டது. வெளியே குவிமாடம் பாரசீகக் கட்டடக்கலையில் அமைந்திருக்கும். உள்ளே சுவரெங்கும் கிறித்தவ ஓவியங்கள். ஊர் செழித்திருந்த காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் இருந்தன. 1638-இல் இங்கே ஆர்மீனிய மொழியில் திருப்பாடல் நூல் அச்சாயிற்று. ஈரான் மண்ணில் அச்சான முதல் நூல்களுள் அது ஒன்று.

முஸ்லிம்கள் இவ்வூரில் குடியேற அனுமதி இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. அந்த விதி ஆர்மீனியருக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது. அவர்களைத் தனியே ஒதுக்கிவைக்கும் வேலியாகவும் இருந்தது. 1650-களில் இரண்டாம் ஷா அப்பாஸ், இஸ்பஹான் நகருக்குள் வாழ்ந்த மற்ற ஆர்மீனியரையும் வெளியேற்றி இங்கே அனுப்பினார்.

கடல் கடந்த வணிகர் அவை

ஜுல்பா வணிகர்கள் ஆம்ஸ்டர்டாம், வெனிஸ், மாஸ்கோ, சூரத், சென்னை, மணிலா என்று உலகெங்கும் பரவினர். முதலாளி புதிய ஜுல்பாவில் இருப்பார். முகவர் அவரது பணத்துடன் பல ஆண்டுகள் வெளிநாடுகளில் சுற்றுவார். பொதுவாக இலாபத்தில் நாலில் மூன்று பங்கு முதலாளிக்கும், ஒரு பங்கு முகவருக்கும் சேரும். கடிதம் போய்ச்சேரவே மாதக்கணக்காகும் அக்காலத்தில், முகவர் ஏமாற்றினால் என்ன செய்வது?

இங்கேதான் வணிகர் அவையின் வலிமை தெரிகிறது. ஜுல்பா வணிகர்கள் சிலர் கூடியிருந்த ஊர்களில் எல்லாம் அவர்கள் ஓர் அவையைக் கூட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டனர். அதற்கு 'ஜுமியத்' என்று பெயர். நமக்குத் தெரிந்த 'ஜமாத்' என்ற சொல்லின் அரபு வேரிலிருந்தே இதுவும் பிறந்தது. பாரசீக மன்னரின் சட்டம் செல்லாத துறைமுகங்களிலும் ஜுல்பாவின் வழக்கம் செல்லுபடியாயிற்று. அதற்குப் பின்னால் படையோ சிறையோ இல்லை. பெயர் கெட்டால் அதன்பின் யாரும் பணம் தரமாட்டார்கள் என்ற அச்சமே அதன் காவல்.

இந்த வலைப்பின்னலைப் பற்றி நாம் இவ்வளவு அறிவதற்கு நாகப்பட்டினம் அருகே நடந்த ஒரு நிகழ்ச்சி காரணம். 1748-இல் 'சாந்தா கத்தரீனா' என்ற சரக்குக் கப்பலை ஆங்கிலேயக் கடற்படை அங்கே கைப்பற்றியது. அதிலிருந்த ஏறத்தாழ 1,700 ஆர்மீனியக் கடிதங்களும் ஆவணங்களும் வழக்குக்காக இலண்டனுக்குப் போய் ஆவணக் காப்பகத்தில் தங்கிவிட்டன. அண்மைக் காலத்தில் அவற்றைப் படித்த ஆய்வாளர்கள் ஜுல்பா வணிகர்களின் சட்ட நடைமுறைகளை வெளிக்கொண்டு வந்தனர்.

சலுகையின் எல்லை

புதிய ஜுல்பாவின் தன்னாட்சி அரசரின் ஆதரவில் தங்கியிருந்தது. ஆதரவு குறைந்தபோது தன்னாட்சியும் தேய்ந்தது.

17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசவையில் சமய குருமார்களின் செல்வாக்கு ஓங்கியது. ஆர்மீனியர் மீது புதிய வரிகளும் கட்டுப்பாடுகளும் வந்தன. அவற்றுள் மிகவும் பாதித்தது வாரிசுரிமை பற்றிய ஒரு சட்டம். அதன்படி, ஒரு கிறித்தவர் இஸ்லாத்துக்கு மாறினால், கிறித்தவராகவே இருக்கும் தம் உறவினரின் சொத்து முழுவதற்கும் உரிமை கோரலாம். நாலு அண்ணன் தம்பிகளில் ஒருவர் மதம் மாறினால் போதும். மற்ற மூவரும் வெறுங்கையுடன் நிற்பார்கள். கோவிலைத் தொடாமல், ஊர்த்தலைவரை நீக்காமல், ஒரே ஒரு சொத்துச் சட்டத்தால் ஒரு சமூகத்தின் அடித்தளத்தை ஆட்டமுடியும் என்பதற்கு இது சான்று.

1722-இல் ஆப்கானியர் இஸ்பஹானை முற்றுகையிட்டபோது புதிய ஜுல்பா முதலிலேயே வீழ்ந்தது. பெரும் தண்டத்தொகை கேட்டு வணிகர்கள் வதைக்கப்பட்டனர். பின்னர் வந்த நாதிர் ஷா தாங்க முடியாத வரி விதித்தார். 1747-இல் ஜுல்பா வணிகர் சிலர் அவரது ஆணைப்படி உயிரோடு எரிக்கப்பட்டனர். ஒரு நூற்றாண்டுக்கு மேல் வளர்ந்த கலாந்தர் முறையாலோ வணிகர் அவையாலோ இதைத் தடுக்க முடியவில்லை. மன்னரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் அவற்றுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பணம் படைத்த குடும்பங்கள் வெளியேறத் தொடங்கின. அவர்களுள் பலர் இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தனர்.

சென்னைக்கு வந்த ஆர்மீனியர்

இந்தியாவில் ஆர்மீனியர் முன்பே இருந்தனர். 1688-இல் கோஜா பானோஸ் கலாந்தர் என்ற ஜுல்பா வணிகர் இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். கம்பெனியின் ஊர்களில் ஆர்மீனியர் குடியேறி வணிகம் செய்யலாம், தங்கள் சமயத்தைப் பின்பற்றலாம் என்று அது உறுதியளித்தது. ஓர் ஊரில் நாற்பது ஆர்மீனியர் சேர்ந்தால் தேவாலயம் கட்ட கம்பெனி இடம் தரும். ஏழு ஆண்டுகளுக்குப் பாதிரியாருக்கு ஆண்டுக்கு 50 பவுன் வழங்கும். புதிய ஜுல்பாவில் மன்னரிடம் பெற்றது போன்ற ஏற்பாடு ஒன்றை, இம்முறை கையெழுத்திட்ட ஒப்பந்தமாக அவர்கள் பெற்றார்கள்.

சென்னை ஆர்மீனியருள் இன்றும் நினைக்கப்படுபவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். புதிய ஜுல்பாவில் பிறந்து, மணிலாவில் வணிகம் செய்து, 1720-களில் சென்னையில் குடியேறியவர். அப்போது கோட்டைப் பகுதியிலிருந்து பரங்கிமலைத் தேவாலயத்துக்குச் செல்வோர் அடையாற்றில் இறங்கித்தான் கடக்கவேண்டும். வெள்ளம் வந்தால் வழி அடைபடும். 1726-இல் உஸ்கான் தம் சொந்தச் செலவில் சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். மலை மேல் ஏறப் படிகளும் அமைத்தார். இரண்டின் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கினார். மாம்பலம் என்ற பெயரை ஆங்கிலேயர் சிதைத்து வழங்கியதால் அது 'மர்மலாங் பாலம்' எனப்பட்டது.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். அவர்களுடன் சேர மறுத்த உஸ்கான் தம் சொத்தில் பெரும்பகுதியை இழந்தார். 1749-இல் சென்னையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், கத்தோலிக்கரும் ஆர்மீனியரும் கோட்டையை ஒட்டிய வெள்ளையர் நகரில் வீடு வைத்திருக்கக் கூடாது என்று ஆணையிட்டனர். உஸ்கானுக்கு மட்டும் விலக்கு அளித்தனர். 1751-இல் காலமான அவர் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது விருப்பப்படி இதயம் மட்டும் ஒரு பேழையில் வைக்கப்பட்டு, பிறந்த ஊரான புதிய ஜுல்பாவுக்கு அனுப்பப்பட்டது.

கம்பெனியின் ஆட்சியிலும் ஆர்மீனியரின் நிலை ஆணையாலும் விலக்காலும் தீர்மானிக்கப்பட்டது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

சென்னையில் அச்சான அரசியலமைப்பு

உஸ்கானுக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர் ஷாஹமீர் ஷாஹமீரியன் (1723-1797). அவரும் புதிய ஜுல்பாவில் பிறந்து, சென்னையில் பெருவணிகராக உயர்ந்தவர். 1770-களின் தொடக்கத்தில் தம் மகன் ஹாகோபுடன் சேர்ந்து சென்னையில் ஓர் ஆர்மீனிய அச்சகத்தை நிறுவினார். 1772-இல் அங்கிருந்து 'அறிவுரை' என்ற பொருளுடைய ஒரு சிறு நூல் வெளிவந்தது. அதை உருவாக்கியதில் மோவ்செஸ் பக்ராமியன் என்பவர் முதன்மையானவர். அடிமைத்தனத்திலிருந்து விழித்தெழும்படி ஆர்மீனிய இளைஞர்களை அந்நூல் அழைத்தது. நாடு வீழ்ந்ததற்கு அந்நியரை மட்டும் குறைகூறவில்லை. சட்டத்துக்குக் கட்டுப்படாமல் மனம்போல் ஆண்ட பழைய ஆர்மீனிய அரசர்களையும் சாடியது.

அடுத்து வந்தது 'வொரோகாய்த் பாரட்ஸ்' என்ற நூல். 'புகழின் கண்ணி' என்று பொருள் கொள்ளலாம். முகப்பில் 1773 என்ற ஆண்டு இருந்தாலும், 1780-களின் பிற்பகுதியில்தான் அது அச்சேறி முடிந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 521 பிரிவுகள் கொண்ட அந்நூல், வருங்கால ஆர்மீனியாவுக்கான அரசியலமைப்பு வரைவாகும். அரசரின் இடத்தில் சட்டம் ஆளவேண்டும். மக்களின் பேராளர்கள் கூடும் 'ஆர்மீனிய இல்லம்' என்ற மன்றம் நாட்டை நடத்தவேண்டும். பேராளர்களை மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கவேண்டும் என்று அது வகுத்தது. ஆர்மீனியரோ பிற இனத்தவரோ, ஆணோ பெண்ணோ, நாட்டில் வாழும் அனைவரும் சமமானவர்கள், தங்கள் தொழிலில் சுதந்திரமானவர்கள் என்றும் கூறியது. ஆயினும் ஆர்மீனியத் திருச்சபைக்கு அது தனி இடம் தந்தது. சிறுபான்மையாக நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கும், தாங்கள் பெரும்பான்மையாகும் நாட்டில் மற்றவரை எந்த நிலையில் வைப்பது என்ற கேள்வி எளிதாக இருக்கவில்லை.

எந்த ஆட்சியாளரும் இந்நூலை நடைமுறைப்படுத்தவில்லை. சொந்த நாடில்லாத ஒரு சமூகத்தின் வணிகர்கள், இல்லாத நாட்டுக்காக எழுதிய சட்டம் அது. கலாந்தரையும் வணிகர் அவையையும் கண்டு வளர்ந்த ஒருவர், நாதிர் ஷாவுக்கு முன் அவை செயலற்றுப் போனதையும் அறிந்திருந்த ஒருவர் இப்படி ஒரு நூலை வெளியிட்டதில் வியப்பில்லை.

எச்மியாட்சினின் எதிர்ப்பு

சென்னை நூல்களுக்கு எதிர்ப்பு வந்த இடம் மாணவர்களுக்கு வியப்பைத் தரும். அது முஸ்லிம் மன்னரிடமிருந்து வரவில்லை. ஆர்மீனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சினிலிருந்து வந்தது. அங்கே 'கத்தோலிக்கோஸ்' என்னும் தலைமைப் பதவியில் இருந்த சிமியோன், சென்னையிலிருந்து வந்த அறிவுரை நூலைக் கண்டித்தார். பிரதிகளை எரிக்கச் சொன்னார். பக்ராமியனைத் திருச்சபையிலிருந்து விலக்கினார்.

அவர் நிலையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். எச்மியாட்சின் அப்போது பாரசீக ஆட்சிக்கு உட்பட்ட எரிவான் கானின் ஆளுகையில் இருந்தது. கிளர்ச்சியைத் தூண்டும் நூல் ஆர்மீனிய மொழியில் பரவினால், முதலில் பிடிபடுவது கடல் கடந்து சென்னையில் இருக்கும் வணிகர் அல்லர். அங்கே வாழும் குடியானவர்களும் துறவிகளும்தான். தன் மக்களின் நடத்தைக்கு ஆட்சியாளரிடம் பதில் சொல்லவேண்டிய தலைவர், அந்த மக்களை அடக்கிவைக்கவும் நேர்கிறது. தன்னாட்சி பெற்ற சமூகத்துக்குள் வாழும் தனிமனிதருக்கு இரண்டு அதிகாரங்கள் தலைக்குமேல் இருந்தன: வெளியே அரசர், உள்ளே சமூகத் தலைவர். முன்னவரிடமிருந்து காக்கப்பட்டவர், பின்னவரை எதிர்த்து முறையிட வேறு இடம் இல்லாமல் நின்றார்.

ஆயினும் சென்னை அச்சுப் பணி ஓயவில்லை. சென்னை ஆர்மீனியத் தேவாலயத்தின் பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் 1794 அக்டோபரில் 'அஸ்தரார்' என்ற மாத இதழைத் தொடங்கினார். உலகின் முதல் ஆர்மீனிய இதழ் அதுவே. 1796 வரை 18 இதழ்கள் வந்தன.

உதுமானியப் பேரரசில் எழுதப்பட்ட விதிகள்

ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்குப் பின் இதே போராட்டம் உதுமானியப் பேரரசிலும் எழுந்தது. 1839, 1856 ஆகிய ஆண்டுகளின் சீர்திருத்த ஆணைகள், எல்லாச் சமயத்தவரும் சமம் என்று அறிவித்தன. ஆர்மீனியச் சமூகத்துக்குள் குருமாரும் செல்வரும் மட்டுமே முடிவெடுப்பதைக் கைவினைஞரும் படித்த இளைஞரும் எதிர்த்தனர். 1863-இல் சுல்தானின் ஒப்புதலுடன் 'ஆர்மீனியத் தேசிய அமைப்புவிதி' நடைமுறைக்கு வந்தது. 140 உறுப்பினர் கொண்ட அவை அமைந்தது. அவர்களில் 20 பேர் மட்டுமே குருமார்.

ஆனால் அந்த அவைக்கும் பேரரசின் படை மீதோ காவல் மீதோ அதிகாரம் இல்லை. 1915-இல் தொடங்கிய படுகொலையிலும் நாடுகடத்தலிலும் உதுமானிய ஆர்மீனியரில் பெரும்பான்மையோர் அழிந்தனர். சமூகத்தின் உள்நிர்வாகம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அரசே பகையாகும்போது அது மட்டும் காப்பாக இருப்பதில்லை.

இந்திய அரசியலமைப்பில் இதே கேள்வி

சமயச் சமூகத்துக்கு எவ்வளவு தன்னாட்சி, அதற்குள் வாழும் குடிமகனுக்கு எவ்வளவு உரிமை என்ற கேள்வி இந்திய அரசியல் நிர்ணய சபையிலும் எழுந்தது. சென்னை மாகாணத்திலிருந்து சென்றவரும், குரோம்பேட்டையில் வாழ்ந்தவருமான காயிதே மில்லத் முகமது இஸ்மாயில், 1948 நவம்பர் 23 அன்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பொது உரிமையியல் சட்டம் பற்றிய பிரிவு வந்தாலும், எந்தச் சமூகமும் தன் தனிச்சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்பது அதன் சாரம். சபை அத்திருத்தத்தை ஏற்கவில்லை. பொதுச் சட்டம் அரசின் வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாக, 44-ஆம் பிரிவில் இடம்பெற்றது. சமயவாரியான தனித் தொகுதிகளும் கைவிடப்பட்டன.

அதே அரசியலமைப்பு, சமயப் பிரிவுகள் தங்கள் சமயக் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமையை 26-ஆம் பிரிவிலும், சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை 30-ஆம் பிரிவிலும் தந்தது. இவை எந்த ஆட்சியாளரின் தயவிலும் இல்லை. மீறப்பட்டால் நீதிமன்றம் செல்லலாம். நடத்தும் உரிமை என்பது சீர்கெட நடத்தும் உரிமையாகாது என்று 1958-இல் கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. திருவிதாங்கூர்ப் பகுதியின் கிறித்தவப் பெண்களுக்குத் தந்தை சொத்தில் சமபங்கு உண்டு என்று 1986-இல் மேரி ராய் வழக்கில் தீர்ப்பு வந்தது. சமூகத்தின் வழக்கத்தை எதிர்த்து அச்சமூகத்துப் பெண் ஒருவரே முறையிட்டு வென்றார். பக்ராமியனுக்குக் கிடைக்காத அந்த மூன்றாவது இடம் இங்கே இருக்கிறது.

தனிச்சட்டங்கள் எவ்வளவு காலம், எந்த அளவில் தொடரவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இன்றும் நீடிக்கிறது. ஈரானிலும் இன்று ஆர்மீனியருக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு தனி இடங்கள் உண்டு. எந்த ஏற்பாட்டைப் பற்றிப் படித்தாலும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இதைத் தந்தவர் நினைத்தால் திரும்ப எடுக்க முடியுமா? சமூகத்தின் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர் யார்? அவர் தவறு செய்தால் உள்ளே இருப்பவர் எங்கே முறையிடுவார்?

சென்னையில் காணக்கூடிய சின்னங்கள்

தாம்பரம் - கடற்கரை மின்சார ரயில் பாதையிலேயே இவ்வரலாற்றின் சின்னங்கள் பல உள்ளன.

பரங்கிமலை: 1523-இல் போர்ச்சுகீசியர் எழுப்பிய தேவாலயமும், மலைக்கு ஏறும் படிகளும் உள்ளன. ஆர்மீனியக் கல்வெட்டுகளையும் இங்கே காணலாம்.

சைதாப்பேட்டை: பழைய பாலம் இருந்த இடத்தில் 1960-களில் கட்டப்பட்ட மறைமலை அடிகள் பாலம் உள்ளது. உஸ்கானின் கல்வெட்டு பாலத்தருகே வைக்கப்பட்டுள்ளது.

பாரிமுனை: ஆர்மீனியன் தெருவில் கன்னி மரியாள் ஆர்மீனியத் தேவாலயம் உள்ளது. 1712-இல் தோன்றி, 1772-இல் இப்போதைய இடத்தில் கட்டப்பட்டது. மணிக்கூண்டில் ஆறு மணிகள் உள்ளன. 'அஸ்தரார்' ஆசிரியர் ஷ்மாவோனியனின் கல்லறையும் இங்கேதான். வழிபட இன்று ஆர்மீனியர் சென்னையில் இல்லை என்றே சொல்லலாம். 'ஆர்மீனியன்' என்ற சொல் தமிழர் நாவில் திரிந்து, இத்தெரு 'அரண்மனைக்காரத் தெரு' என்று வழங்குகிறது. அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை.

காலவரிசை

1454 - உதுமானியப் பேரரசில் கிரேக்கத் திருச்சபைத் தலைவராக ஜென்னாதியோஸ் அமர்த்தப்படுதல்
1604-1605 - பழைய ஜுல்பா மக்கள் இடம்பெயர்க்கப்படுதல். புதிய ஜுல்பாவின் தொடக்கம்
1619 - புதிய ஜுல்பா நிலத்தை ஆர்மீனியருக்கு வழங்கும் ஆணை
1638 - புதிய ஜுல்பாவில் திருப்பாடல் நூல் அச்சாதல்
1688 - கிழக்கிந்தியக் கம்பெனியுடன் ஆர்மீனியர் உடன்படிக்கை
1722 - ஆப்கானியர் முற்றுகை
1726 - சைதாப்பேட்டையில் உஸ்கான் கட்டிய பாலம்
1747 - நாதிர் ஷா ஆணையால் ஜுல்பா வணிகர்கள் கொல்லப்படுதல்
1772 - சென்னையில் அறிவுரை நூல் வெளிவருதல்
1773 - 'வொரோகாய்த் பாரட்ஸ்' முகப்பில் உள்ள ஆண்டு
1794 - 'அஸ்தரார்' இதழ் தொடக்கம்
1863 - உதுமானிய ஆர்மீனியர் தேசிய அமைப்புவிதி
1950 - இந்திய அரசியலமைப்பு நடைமுறைக்கு வருதல்